ஜோடி கேலக்ஸிகளை வைத்துக் கரும்பொருளைச் சோதிப்பது எப்படி: வீட்டு மேசையிலிருந்தே செய்ய ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேகமில்லாத நாளில்கூடப் பத்து இருபது விண்மீன்தான் தேறும். ஏரிக்கரை விளக்குகள் ஒரு பக்கம், எம்.ஜி. ரோடு வெளிச்சம் மறுபக்கம். கேலக்ஸி என்று ஒன்றைக் கண்ணால் பார்ப்பதற்கு இங்கே வழியே கிடையாது. ஆனாலும் கரும்பொருள் இருக்கிறதா, இல்லை ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமா என்ற சண்டையில் ஒரு பகுதியை இதே வீட்டின் சாப்பாட்டு மேசையில், பழைய லேப்டாப் ஒன்றில் நாமே சோதித்துப் பார்க்கலாம். தரவெல்லாம் இலவசமாகவே கிடக்கிறது.

மாடி வீட்டுப் பெண் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. "அங்கிள், ப்ராஜெக்டுக்கு ஏதாவது சொல்லுங்க, பெண்டுலம் மட்டும் வேண்டாம்" என்று வந்து நின்றாள். நான் பகலில் மென்பொருள் சோதிக்கிறவன், வானியல் எனக்குப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காபியோடு உட்கார்ந்து நாங்கள் செய்ததையும், இடறி விழுந்த இடங்களையும் கோத்து எழுதியதுதான் இது. பிளஸ் டூ இயற்பியலும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்திருந்தால் போதும்.

வழக்கு என்ன?

1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்தில் கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு இவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்றார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்த்ரோமீடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்தார்கள். மையத்தை விட்டு விலக விலக வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. தெரியாத பொருள் ஒன்று சுற்றிலும் பெரிய ஒளிவட்டம்போலச் சூழ்ந்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். அதுதான் கரும்பொருள். 1983இல் மோர்தெஹாய் மில்க்ரோம் வேறு வழியில் போனார். கூடுதல் பொருள் எதுவும் இல்லை, முடுக்கம் மிகமிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நியூட்டனின் விதியே மாறுகிறது என்றார். இதற்கு மாண்ட் என்று பெயர். அந்த எல்லை முடுக்கம் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 கோடியில் ஒரு பங்கு.

கேலக்ஸித் தட்டுக்குள் இந்த இரண்டு விளக்கங்களும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தருகின்றன. தட்டுக்கு வெளியே, வாயுகூட இல்லாத தூரத்தில் ஈர்ப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அங்கே ஏதாவது ஒன்று ஓட வேண்டும். இன்னொரு கேலக்ஸி ஓடினால் வசதி. அதனால்தான் ஜோடிகள். இது புது யோசனையும் இல்லை. எரிக் ஹோம்பெர்க் 1937லேயே இரட்டைக் கேலக்ஸிகளை ஆராய்ந்தார், தார்ன்டன் பேஜ் 1952இல் அவற்றின் வேகங்களிலிருந்து பொருண்மை கணக்கிட்டார், இகோர் கராசென்ட்சேவ் 1972இல் தனித்திருக்கும் 603 ஜோடிகளின் பட்டியலை வெளியிட்டார்.

படி 1: தரவைத் தொடும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். விடை எப்படி இருக்கும் என்று முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால், பிறகு வருகிற எந்த வரைபடமும் நமக்குப் பிடித்த கட்சிக்குச் சாதகமாகத்தான் தெரியும்.

ஒரு மாதிரி ஜோடியை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சம எடை. ஒவ்வொன்றிலும் 5,000 கோடி சூரியன் அளவுக்கு விண்மீன்களும் வாயுவும். இடைவெளி 100 கிலோபார்செக். ஒரு கிலோபார்செக் என்பது சுமார் 3,260 ஒளியாண்டு. வட்டப் பாதையில் ஒன்றையொன்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

தெரிகிற பொருள் மட்டும், பழைய நியூட்டன் விதி: ஒன்றைப் பார்த்து மற்றதன் வேகம் நொடிக்கு சுமார் 66 கி.மீ. இடைவெளியை 400 ஆக்கினால் 33. தூரத்தின் வர்க்கமூலத்தோடு வேகம் இறங்கும்.

மாண்ட்: சூத்திரம் எளிது. வேகத்தின் நான்காம் அடுக்கு, ஈர்ப்பு மாறிலி பெருக்கல் பொருண்மை பெருக்கல் எல்லை முடுக்கம். மொத்தம் 10,000 கோடி சூரியனுக்குப் போட்டால் நொடிக்கு 200 கி.மீ. வரும். ஆனால் இது ஒரு பெரியதைச் சின்னஞ்சிறியது சுற்றும்போது. இரண்டும் சம எடை என்றால் 0.88ஆல் பெருக்க வேண்டும், சுமார் 177. அவள் முதலில் இந்த 0.88ஐ விட்டுவிட்டாள். நானும் பல நாள் விட்டிருக்கிறேன். நியூட்டன் விதியில் இரண்டு பொருண்மையைக் கூட்டிப் போட்டால் சரியாக வந்துவிடும் என்பதால் வருகிற பழக்கம் அது. மாண்டில் அப்படிக் கூட்டிவிட முடியாது. கவனிக்க வேண்டியது, இதில் தூரமே இல்லை. 100லும் 177, 400லும் 177.

கரும்பொருள்: ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு லட்சம் கோடி சூரியன் அளவுக்கு ஒளிவட்டம் இருப்பதாக வைத்தால், 400இல் சுமார் 147. 100இல் ஒளிவட்டத்தின் உட்பகுதி மட்டுமே இழுப்பதால் கணக்கு சிக்கலாகும், 200ஐ ஒட்டி வரும்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது தனியாகக் கீழே கிடக்கிறது, அதைத் தள்ளுவது சுலபம். மாண்டும் கரும்பொருளும் 150, 200 என்று தோளோடு தோள் நிற்கின்றன. ஒளிவட்டத்தின் எடையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். ஆகவே "சராசரி வேகம் இவ்வளவு" என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்து எதையும் தீர்மானிக்க முடியாது. தூரம் கூடும்போது வேகம் இறங்குகிறதா, எடை கூடும்போது எந்த அளவில் ஏறுகிறது, இந்த இரண்டு சாய்வுகளையும்தான் நாம் தேடப் போகிறோம். மாண்டில் எடை 16 மடங்கானால் வேகம் சரியாக 2 மடங்கு. கரும்பொருள் கணக்கில் அப்படி ஒரு நேர்த்தியான விதி கிடையாது, ஒளிவட்டத்தின் எடை விண்மீன் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை.

ஒரு சின்ன விலகல். 100 கிலோபார்செக்கில் நம் மாதிரி ஜோடியின் முடுக்கம், மாண்ட் எல்லையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த இழுப்பு ஓராண்டு முழுக்க விடாமல் இழுத்தாலும் வேகம் கூடுவது நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு சுற்று முடிய சுமார் 350 கோடி ஆண்டு.

படி 2: நமக்குத் தெரிவது பாதிதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள்

350 கோடி ஆண்டுச் சுற்றில் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு போட்டோ. அதிலும், ஒரு கேலக்ஸியிலிருந்து மற்றதன் இடத்தைச் சொல்ல மூன்று எண்ணும், வேகத்தைச் சொல்ல மூன்று எண்ணும் வேண்டும். ஆறில் நமக்குத் தெரிவது மூன்று: வானத்தில் பக்கவாட்டு இடைவெளி இரண்டு, நம்மை நோக்கியோ விலகியோ இருக்கும் வேகம் ஒன்று. முன்னே பின்னே உள்ள ஆழமும் பக்கவாட்டு வேகமும் தெரியாது.

கோயில் திருவிழாவில் ராட்டினத்தைத் தூரத்துத் தெருவிலிருந்து, அதுவும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றே தெரியாமல் பார்ப்பது மாதிரி. ஒரு தொட்டிலை மட்டும் பார்த்து ராட்டினத்தின் வேகத்தைச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் ராட்டினங்கள் ஆயிரம் திசையில் நின்றால் சொல்லலாம். எந்தத் திசையும் மற்றதைப்போலவே சாத்தியம் என்றால், உண்மை வேகம் 177ஆக இருக்கும்போது நமக்குத் தெரிகிற வேகம் 0 முதல் 177 வரை எல்லா மதிப்புகளிலும் சமமாகப் பரவும். சராசரி சரியாகப் பாதி. பக்கவாட்டு இடைவெளி உண்மை இடைவெளியில் சராசரியாக 79 சதவீதம் தெரியும். இந்தச் சமப்பரவல்தான் படி 7க்குச் சாவி.

படி 3: தரவு

ஸ்லோன் வான ஆய்வின் ஸ்கைசர்வர் தளத்தில் எஸ்க்யூஎல் எழுதத் தெரிந்தால் போதும். இந்த ஊரில் அது தெரியாத ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு கேலக்ஸிக்கும் வானத்தில் நெடுக்கு, குறுக்கு ஆயங்கள், செம்பெயர்ச்சி (கேலக்ஸி விலகுவதால் அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு, வேகமும் தூரமும் இதிலிருந்துதான் கிடைக்கும்), அதன் பிழை, ஒளியளவு, நிறம் இவற்றை இறக்குங்கள். செம்பெயர்ச்சியில் எச்சரிக்கைக் குறி விழுந்தவற்றை அப்போதே கழித்துவிடுங்கள்.

செம்பெயர்ச்சிக்கு எல்லை 0.02 முதல் 0.05 வரை வைக்கச் சொல்வேன். அதற்குக் கீழே போனால் கேலக்ஸியின் சொந்த ஓட்டம் தூரக் கணக்கைக் கெடுக்கும். மேலே போகப் போக மங்கலான அண்டை வீட்டுக்காரர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள். நிறமாலை எடுக்க அந்த ஆய்வு வைத்த ஒளியளவு எல்லை 17.77. செம்பெயர்ச்சி 0.08இல் நம் பால்வீதியில் பாதி வெளிச்சம்கூட இல்லாத கேலக்ஸி அந்த எல்லைக்கு வெளியே நிற்கும். பட்டியலில் இல்லை என்பதற்காக அது இழுக்காமல் இருக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தத் தொலைநோக்கியில் வானத்து வரைபடத்துக்கு ஏற்ப ஓட்டை போட்ட அலுமினியத் தட்டில் ஒளியிழைகளைச் செருகித்தான் நிறமாலை எடுத்தார்கள். ஒரே தட்டில் இரண்டு இழைகளை 55 வில்நொடிக்குள் (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) செருக இடம் கிடையாது. 0.05 செம்பெயர்ச்சியில் 55 வில்நொடி என்பது சுமார் 54 கிலோபார்செக். அதாவது நாம் தேடுகிற நெருக்கமான ஜோடிகளில் பலவற்றில் ஒரு ஆளுக்குத்தான் நிறமாலை இருக்கும். ஆகவே நெருங்கிய ஜோடிகள் குறைவாகக் கிடைத்தால் அதை இயற்கையின் செயல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 4: ஜோடி சேர்ப்பது

வேக வித்தியாசம்: இரு செம்பெயர்ச்சிகளின் கழித்தலை ஒளி வேகத்தால் பெருக்கி, ஒன்றோடு சராசரிச் செம்பெயர்ச்சியைக் கூட்டி வந்ததால் வகுக்க வேண்டும். ஒன்று 0.05000, மற்றது 0.05060 என்றால் 0.0006ஐ 2,99,792ஆல் பெருக்கி 1.0503ஆல் வகுக்க, நொடிக்கு 171 கி.மீ. அந்தக் கடைசி வகுத்தலை நான் ஒரு மாதம் முழுக்க மறந்திருந்தேன். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். மாண்டில் பொருண்மை வேகத்தின் நான்காம் அடுக்கில் வருவதால், ஐந்து சதவீத வேகப் பிழை இருபது சதவீதத்துக்கும் மேல் பொருண்மைப் பிழையாகிவிடும்.

இடைவெளி: கோணத்தைத் தூரத்தால் பெருக்குவதுதான். 0.05இல் ஒரு வில்நொடி ஏறத்தாழ ஒரு கிலோபார்செக் என்பது மனத்தில் நிற்க வசதியான எண், அதனால் 3 வில்நிமிட இடைவெளி சுமார் 176 கிலோபார்செக். நெடுக்கு வித்தியாசத்தைக் குறுக்கு ஆயத்தின் கோசைனால் பெருக்க மறக்காதீர்கள். ஆஸ்ட்ரோபை நிரலகத்தை விட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும், கையால் எழுதினால்தான் வம்பு. ஒரே ஜோடி முன்பின்னாக இரண்டு தடவை வருகிறதா என்றும் பாருங்கள். எங்கள் முதல் பட்டியலில் எல்லாமே இரட்டிப்பாக இருந்தது. "எவ்வளவு ஜோடி பாருங்க அங்கிள்!" என்று அவள் சந்தோஷப்பட்டது பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

வேக வித்தியாசத்துக்கு எல்லை எங்கே வைப்பது? 300 என்று வைத்தால் பட்டியல் சுத்தமாகத் தெரியும். அதுதான் பொறி. 300க்கு மேல் எதுவும் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிட்டு, "ஜோடிகளின் வேகம் 300ஐத் தாண்டுவதில்லை" என்று கண்டுபிடித்த மாதிரி ஆகும். எல்லையை 1,000க்குத் தள்ளுங்கள். 600 முதல் 1,000 வரை வருபவை பெரும்பாலும் தற்செயலாக ஒரே திசையில் தெரிகிறவை. அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய மட்டமாகப் பரவியிருக்கும். அந்த மட்டத்தைக் கீழ்ப்பகுதியிலிருந்து கழித்துவிடலாம்.

தற்செயல் ஜோடி என்பது சில்லறை விஷயம் இல்லை. அண்டம் விரிவதால், 30 லட்சம் பார்செக் பின்னால் நிற்கும் ஒரு கேலக்ஸி நொடிக்கு 210 கி.மீ. கூடுதல் வேகத்தில் விலகுவதாகத் தெரியும். ஜோடியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அது, நம் வரைபடத்தில் மிக அழகான ஜோடியாக உட்கார்ந்திருக்கும்.

படி 5: தனிமை

மூன்றாவது ஆள் பக்கத்தில் இருந்தால் அது ஜோடியே இல்லை, குடும்பம். ஜோடியைச் சுற்றி பத்து லட்சம் பார்செக் பக்கவாட்டு வட்டத்துக்குள், வேக வித்தியாசம் 1,000க்குள், ஜோடியில் சிறியதன் ஒளியில் கால் பங்குக்கு மேல் உள்ள எதுவும் இருக்கக் கூடாது என்பது நான் வைத்த விதி. நீங்கள் வேறு மாதிரி வைக்கலாம். என்ன வைத்தாலும் முடிவைப் பார்ப்பதற்கு முன் எழுதி வையுங்கள். இந்த விதியைப் போட்டதும் பட்டியல் சரசரவென்று சுருங்கும். ஆயிரக்கணக்கில் இருந்தது சில நூறாகும். மனசு கேட்காது, விதியைத் தளர்த்தத் தோன்றும்.

மாண்டுக்கு இந்தத் தனிமை இன்னும் முக்கியம். அந்தக் கோட்பாட்டில் வெளியிலிருந்து வரும் மெல்லிய ஈர்ப்புகூட ஜோடியின் உள் ஈர்ப்பை மாற்றிவிடும். நியூட்டன் விதியில் இப்படிக் கிடையாது, வெளி இழுப்பு இரண்டு பேரையும் சேர்த்து ஒரே மாதிரி இழுத்துவிட்டுப் போகும். 400 கிலோபார்செக்கில் நம் மாதிரி ஜோடியின் முடுக்கம் மாண்ட் எல்லையில் நூறில் இரண்டு பங்குதான். அண்டத்தின் பெரிய கட்டமைப்புகள் தருகிற வெளி ஈர்ப்பும் அதே அளவில் இருக்கக்கூடும். இரண்டு கோட்பாடுகளும் பிரிகிற இடத்தைத் தேடித் தூரமாகப் போனால், அங்கேதான் மாண்டின் கணிப்பும் குழம்பத் தொடங்குகிறது. இந்தச் சோதனையின் உண்மையான தலைவலி இதுதான் என்பது என் எண்ணம். சுற்றுப்புறம் மிகக் காலியாக உள்ள ஜோடிகளைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

படி 6: ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்

பட்டியல் சில நூறாக வந்ததும் ஒவ்வொரு ஜோடியின் படத்தையும் திறந்து பார்க்க வேண்டும். அலுப்பான வேலை. ஒரு ஞாயிறு முழுக்க அதுதான் செய்தோம். கரண்ட் இரண்டு தடவை போனது.

பத்தொன்பதோ இருபதோ படம் தாண்டியதும் அவள் நிறுத்தினாள். இடைவெளி ஏழு கிலோபார்செக், வேக வித்தியாசம் 60. எண்களைப் பார்த்தால் நெருங்கிக் கட்டுண்ட அருமையான ஜோடி. படத்தில் இருந்தது ஒரே ஒரு சுருள் கேலக்ஸி. அதன் கை நுனியில் நீலமாக ஒரு முடிச்சு, புது விண்மீன்கள் பிறக்கிற இடம். தானியங்கி மென்பொருள் அந்த முடிச்சைத் தனிக் கேலக்ஸி என்று எண்ணி, அதற்கும் நிறமாலை எடுக்கப்பட்டிருந்தது. அந்த 60 கி.மீ. அதே கேலக்ஸியின் சுழற்சி வேகம். "இது மாமியாரும் மருமகளும் இல்லை அங்கிள், மாமியாரும் அவங்க மூக்குத்தியும்" என்றாள். இப்படிப்பட்ட மூக்குத்திகளை எந்தக் கணக்கும் பிடிக்காது, கண்தான் பிடிக்கும். இடைவெளி 20 கிலோபார்செக்குக்குக் கீழே உள்ளவற்றில் இது அதிகம்.

படத்தில் இன்னொன்றும் தெரியும். சில ஜோடிகளுக்கு இடையே வால்போல, பாலம்போல வெளிச்சம் நீண்டிருக்கும். ஒன்றையொன்று உரசிவிட்டவை அவை. நிச்சயமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்குச் சாட்சி, ஆனால் பாதை வட்டம் என்ற நம் அனுமானத்துக்கு எதிரி. அவற்றை அழிக்காமல் தனிக் குறி போட்டு வையுங்கள்.

பிழை, எடை

ஒரு கேலக்ஸியின் வேகத்தில் சுமார் 30 கி.மீ. பிழை என்றால், இரண்டின் வித்தியாசத்தில் 42 கி.மீ. அதாவது அசையாமல் நிற்கிற ஜோடியும் முப்பது நாற்பது கி.மீ. வேகத்தில் ஓடுகிற மாதிரி தெரியும். இதைவிட நல்ல வேகம் வேண்டுமென்றால் ஹைட்ரஜன் வாயுவின் 21 செ.மீ. ரேடியோ வரியைப் பார்க்க வேண்டும். அதில் பிழை சில கி.மீ.தான், வாயுவின் எடையும் கூடவே கிடைக்கும். அரிசிபோ தொலைநோக்கி எடுத்த ஆல்ஃபால்ஃபா பட்டியலில் சுமார் 31,500 மூலங்கள் இருக்கின்றன, யாரும் இறக்கலாம். ஆனால் அதன் பார்வை வட்டம் மூன்றரை வில்நிமிடம். நெருங்கிய ஜோடி இரண்டும் ஒரே வட்டத்துக்குள் விழுந்து ஒன்றாகக் குழம்பிவிடும். புனே அருகே நாராயண்காவ் பக்கம் 45 மீட்டர் டிஷ்கள் 30 வைத்திருக்கிற ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி மாதிரி ஒன்றால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

விண்மீன் எடையை நிறத்திலிருந்தும் ஒளியளவிலிருந்தும் கணக்கிட்ட பட்டியல்கள் ஏற்கெனவே உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் எடையோடு ஹீலியத்துக்காக மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். எடையில் முப்பது சதவீதம் தவறினாலும் மாண்ட் வேகம் ஏழு சதவீதம்தான் மாறும் என்பது ஆறுதல்.

படி 7: தெரிகிற வேகத்திலிருந்து உண்மை வேகத்துக்கு

படி 2இல் பார்த்த சமப்பரவலை இப்போது திருப்பிப் போடுகிறோம். எல்லா ஜோடியும் 177இல் ஓடினால், தெரிகிற வேகங்களின் வரைபடம் 0 முதல் 177 வரை மட்டமான மேடை, அங்கே செங்குத்தாக விழும். 177உம் 120உம் கலந்திருந்தால் இரண்டு படிக்கட்டு. ஆக, வரைபடம் எந்த வேகத்தில் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ, அந்த வேகத்தில் அவ்வளவு ஜோடிகள். ஒவ்வொரு வேகத்திலும் வரைபடத்தின் இறக்கத்தை எடுத்து அந்த வேகத்தாலேயே பெருக்கினால் உண்மை வேகங்களின் பரவல் கிடைத்துவிடும்.

கேட்க அழகாக இருக்கிறது. செய்யும்போது பிசாசு வரும். சில நூறு ஜோடிகளை 20 கி.மீ. கட்டங்களில் அடுக்கினால் வரைபடம் பல்லும் இடுக்குமாக இருக்கும். இறக்கத்தை எடுத்தால் பாதி இடத்தில் எதிர்மறை எண்ணிக்கை. கட்டத்தை 50ஆக அகலமாக்குங்கள், அல்லது எல்லா வேகங்களையும் வரிசைப்படுத்திக் கூட்டு எண்ணிக்கையாக வரைந்து அதற்கு ஒரு வளைகோடு பொருத்துங்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும்.

இதில் இப்போதைய பெரிய முயற்சி, லாரன் நொட்டாலும் பியேர் ஷமாரோவும் 2018இல் வெளியிட்ட பட்டியல். அதில் 13,000க்கும் மேற்பட்ட ஜோடிகள். இதே மாதிரி உண்மை வேகத்துக்கு மாற்றியபோது நொடிக்கு 150 கி.மீ. பக்கம் ஒரு மேடு தெரிந்தது. மாண்ட் பக்கத்தார் இது எங்கள் கணிப்புதான் என்றார்கள். பிறகு கரும்பொருளை வைத்து ஓட்டிய பெரிய கணினி அண்டங்களுக்குள்ளும் ஜோடிகளைத் தேடிப் பார்த்தார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு மேடு இருந்தது. படி 1இல் காகிதத்தில் நாம் போட்ட கணக்கே இதைச் சொல்லிவிட்டது, 150, 200 என்று இரண்டும் தோளோடு தோள். ஆகவே உங்கள் வரைபடத்தில் மேடு வந்தால் கை தட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 8: பொய் ஜோடிகளை ஓட்டிப் பாருங்கள்

என் தொழில் புத்தி இங்கேதான் வேலை செய்கிறது. விடை தெரிந்த தரவை உள்ளே போட்டு அதே விடை வெளியே வருகிறதா என்று பார்க்காத நிரலை நான் நம்ப மாட்டேன். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஜோடிக்கும் உண்மை வேகம் 177 என்று பொய்யாகக் கொடுங்கள். அதை 0க்கும் 1க்கும் இடையே ஒரு சீரற்ற எண்ணால் பெருக்குங்கள், திசை முடிந்தது. 42 கி.மீ. பிழையைக் கலந்துவிடுங்கள். தற்செயல் ஜோடிகளுக்காக, உண்மைப் பட்டியலில் ஒரு பாதிக் கேலக்ஸிகளை வானத்தில் ஐந்து டிகிரி தள்ளி வைத்து மறுபடி ஜோடி சேர்த்தால் வருவதைச் சேருங்கள். பிறகு படி 4 முதல் 7 வரை அப்படியே ஓட்டுங்கள்.

எங்களுக்கு 177க்குப் பதிலாகக் குறைவான இடத்தில் மேடு வந்தது, அகலமாகவும் பரவியிருந்தது. கட்ட அகலமும் பிழையும் சேர்ந்து செய்த வேலை. உண்மைத் தரவில் வந்த மேட்டை இதை வைத்துத்தான் படிக்க முடிந்தது. அடுத்து வேகம் தூரத்தோடு குறைகிற மாதிரி இன்னொரு பொய்ப் பட்டியல், கரும்பொருள் பாணியில். அதற்கடுத்து நீள்வட்டப் பாதைகள். நீள்வட்டத்தில் கேலக்ஸி தன் ஆயுளில் பெரும்பகுதியைத் தூர முனையில் மெதுவாகக் கழிக்கும் என்பதால், தூர ஜோடிகள் மெதுவாகத் தெரியும். இதைப் பார்க்காவிட்டால் நீள்வட்டத்தைக் கரும்பொருள் என்று எண்ணிவிடுவோம்.

படி 9: சாய்வுகள்

இப்போது ஜோடிகளை இடைவெளி வாரியாக மூன்றாகப் பிரியுங்கள்: 50 முதல் 150, 150 முதல் 300, 300 முதல் 500 கிலோபார்செக். ஒவ்வொரு குவியலிலும் வேகங்களை அந்தந்த ஜோடியின் மாண்ட் வேகத்தால் வகுத்துவிட்டு, சராசரி வர்க்கத்தின் மூலத்தை எடுங்கள். மாண்ட் சரி என்றால் மூன்று குவியலும் ஒரே உயரம், கடைசியில் வெளி ஈர்ப்பால் கொஞ்சம் சரிவு. கரும்பொருள் சரி என்றால் ஒளிவட்டத்தின் விளிம்பைத் தாண்டியதும் தெளிவான இறக்கம். பிறகு எடை வாரியாகவும் இதையே செய்யுங்கள். ஒளிவட்டத்தின் எடையையே ஒரு எண்ணாகப் பெற வேண்டுமென்றால், வட்டப் பாதைக்கு, வேக வர்க்கம் பெருக்கல் பக்கவாட்டு இடைவெளியின் சராசரியை 3.4ஆல் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்கலாம். அந்த 3.4 திசைகளைச் சராசரி செய்ததில் வருகிற எண்.

பெரிய கேலக்ஸியும் அதன் துணைக் கேலக்ஸிகளும் என்ற பக்கத்து வீட்டுச் சோதனையில் இதே விவாதம் நடந்திருக்கிறது. அனடோலி கிளிப்பினும் பிரான்சிஸ்கோ பிராடாவும் 2009இல் ஸ்லோன் தரவில் வேகம் தூரத்தோடு குறைவதைக் காட்டி, இது கரும்பொருளுக்கே பொருந்தும் என்றார்கள். பாதைகளின் வடிவத்தைச் சரியாக எடுத்துக்கொண்டால் மாண்டிலும் அந்த இறக்கம் வரும் என்று எதிர்த்தரப்பு பதில் சொன்னது. மறுபடியும் நீள்வட்டப் பிரச்சினைதான்.

சில நூறு ஜோடியை வைத்து எங்களால் சொல்ல முடிந்தது இவ்வளவே: தெரிகிற பொருள் மட்டும் என்ற கணக்கு ஒத்துவரவில்லை. மற்ற இரண்டுக்கும் இடையே எங்கள் பிழைக்கோடுகள் இரண்டையும் தாராளமாக அணைத்துக்கொண்டன. "மார்க் குறைச்சிடுவாங்களா?" என்று கேட்டாள். பிழைக்கோட்டைச் சரியாகப் போட்டதற்கே மார்க் தர வேண்டும் என்றேன். தந்தார்களா என்பது வேறு கதை.

வேறு எங்கே பார்க்கலாம்

நாமே ஒரு ஜோடியில்தான் குடியிருக்கிறோம். ஆந்த்ரோமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், பால்வீதியை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 110 கி.மீ. வேகத்தில் வருகிறது. அண்டம் விரியத் தொடங்கியபோது விலகிப் போனவை இப்போது திரும்பி வர வேண்டுமென்றால் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று ஃபிரான்ஸ் கானும் லோட்விக் வோல்ட்யரும் 1959இல் கணக்கிட்டார்கள். தெரிகிற விண்மீன்களைவிடப் பல மடங்கு வந்தது. மாண்ட் கணக்கில் இழுப்பு பலமாக இருப்பதால், இவை இரண்டும் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவை நெருங்கி உரசிப் பிரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு ஜோடிக்கான கணக்கை விரிதாளிலேயே போடலாம், படி 1க்கு நல்ல பயிற்சி.

அந்த ஜோடியில் மற்றவரைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், கோரமங்களாவில் இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனம் ஜவ்வாது மலையில் காவலூரில் நடத்துகிற வைணு பாப்பு வானாய்வகம் பக்கம், கார்த்திகையில் நிலா இல்லாத இரவில் போங்கள். தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே, ஊதிவிட்ட சாம்பல் மாதிரி ஒரு தீற்று தெரியும்.

2025 மார்ச்சில், ஸ்லோன் மாதிரியே நிறமாலை எடுக்கிற புதிய வான ஆய்வான டெசியின் முதல் தரவுத் தொகுப்பு பொதுவுக்கு வந்திருக்கிறது. அதில் 5,000 ஒளியிழைகளை ரோபோக்கள் நகர்த்துகின்றன. ஒரே வானத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் 55 வில்நொடித் தொல்லை மாதிரியானவை ஓரளவு குறையும். அதன் பிரகாசமான கேலக்ஸிப் பட்டியல் ஸ்லோனைவிட ஆழமாகப் போகிறது, எனவே தனிமை விதியும் பலப்படும். நிரலில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். அட்டவணையின் பத்திப் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு, பொய் ஜோடிகளை முதலில் ஓட்டி, படி 3இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.